நூத்தி முப்பது நோயாளிகள்

அப்படி உத்து உத்துப் பாக்காதீங்க தாயி. ஆமா, நான்தான். டிவியில காட்டுனாகளே, முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டு வெள்ளைக் கார்ல ஏறுன பொம்பளை, அது நான்தான். பேரு சீனியம்மா. படத்துக்குக் கீழ என்னமோ ஓடவிட்டாகளாமே, 'நோயாளி புரோக்கர் சிக்கினார்'னு. எனக்கு அதுதான் தாயி வயிறு எரியுது. புரோக்கராம். நான் சூப்பர்வைசர். நாப்பத்திரெண்டு பொம்பளைக என் கையில வேலை பாத்தாக. இடுப்புல வாக்கிடாக்கி வச்சுக்கிட்டு நடந்தவ நான்.

உக்காரலாம்ல? சங்கடமா இருந்தாச் சொல்லுங்க, பின்னாடி போயிருவேன். காரியாபட்டி தாண்டுனதும் இறங்கிருவேன். மதுரையில கோர்ட்டுக்குப் போயிட்டு வர்றேன். மாஜிஸ்திரேட்டு அம்மா முன்னால வாக்குமூலம். காலையில ஒம்பது மணிக்குப் போனவ, இப்பத்தான் விட்டாக. வாயே காஞ்சு கெடக்கு. தண்ணி இருக்கா? குடுங்க. ...நல்லாயிருப்பீக.

நாலு வழிச்சாலையில போறப்ப வாணன் காலேஜைப் பாத்துருப்பீக. ஏழு மாடி, நீலக் கண்ணாடி. டாக்டருக்குப் படிக்கிற காலேஜும் அதுதான், ஆஸ்பத்திரியும் அதுதான். நர்சுக்குப் படிக்கிறது பின்னாடி தனிக் கட்டடம். நான் அங்க தரை தொடைக்கத்தான் போனேன். பதினோரு வருசம். ஏழாவது வருசம் சேர்மன் ஐயா என்னைக் கூப்பிட்டு, "சீனியம்மா, இனிமே நீதான் சூப்பர்வைசர்"னாக. அதுக்காகவே கையெழுத்துப் போடப் படிச்சேன். என் மக தமயந்திக்கு நர்சு படிப்புக்கு எடம் குடுத்தாக. அவுக உப்பைத் தின்னவ நான். இன்னைக்கும் அவுகளைப் பத்தி என் வாயால ஒரு கெட்ட வார்த்தை வராது.

ஆனா அந்த ஆஸ்பத்திரியில ஒரு குறை. ஆள் வராது. அறுநூறு கட்டில் கெடக்கு, அம்பது பேரு படுத்துருந்தா அதிசயம். எங்க சனம் காய்ச்சல் தலைவலின்னா அருப்புக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகும். இங்க வந்தா டாக்டர் இருந்தாத்தானே? டெல்லியிலருந்து வருசா வருசம் டாக்டருங்க சோதனைக்கு வருவாக. இத்தனை கட்டில்ல இத்தனை நோயாளி படுத்துருக்கணும், இத்தனை டாக்டர் இருக்கணும், அப்பத்தான் பிள்ளைகளைச் சேக்க அனுமதி. இல்லைன்னா மூடுன்னுருவாக. மூடுனா எங்க நாப்பத்திரெண்டு பேரு பொழப்பு? என் மக படிப்பு?

அதனால கட்டில் நிரப்புவோம்.

என்ன தாயி மூஞ்சி மாறுது? நான் என்ன கொலையா பண்ணச் சொன்னேன்? சுத்துப்பட்டு ஆறு ஊருல ஆள் சொல்லுவேன். காலையில ஆறு மணிக்குக் காலேஜ் பஸ்ஸு வரும். ஏறி வந்து, பச்சை அங்கியைப் போட்டு, மெத்தையில படுத்துக் கெடக்கணும். அம்புட்டுத்தான். மத்தியானம் கோழிக்குழம்போட சாப்பாடு. போறப்ப ஒரு சேலை, ஆம்பளைக்கு வேட்டி. வெயில்ல கெடந்து சாகுற சனத்துக்கு ஒரு நாள் காத்தாடிக்குக் கீழ படுக்குறது கசக்குமா? நான் நீன்னு போட்டி போட்டு வந்தாக. நாலு தடவை செஞ்சேன், ஒரு குறை வந்ததில்லை. ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டு குடுப்போம், அவுக பேரும் வியாதியும் எழுதி. படிக்கத் தெரியாதவுகளுக்கு நானே பஸ்ஸுல வச்சு மனப்பாடம் பண்ண வைப்பேன். "உனக்கு என்ன?" "குடலிறக்கம்." "எத்தனை நாளா?" "பத்து நாளா." ஒரு பெருசு, மாயாண்டின்னு பேரு, டெல்லிக்காரரு கேட்டப்ப, "எனக்கு என்ன வியாதின்னு மறந்துபோச்சு சார், சீனியம்மாகிட்டக் கேளுங்க"ன்னுட்டாரு. நல்லவேளை, டெல்லிக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஜெயசிங் சார்தான் மொழிபெயர்ப்பு. நிர்வாகம் பூரா அவருதான். அவரு என்னத்தையோ இங்கிலீசுல சொல்லிச் சமாளிச்சுட்டாரு.

நாங்க ஒரு பஸ்ஸுன்னா, டாக்டருங்க ஒரு பஸ்ஸு. அது ஏசி. கோயம்புத்தூரு, சேலத்துலருந்தெல்லாம் ஒரு நாளைக்கு மட்டும் வருவாக. வெள்ளைக் கோட்டைக் குடுத்து, நெஞ்சுல பேரு அட்டையைக் குத்தி விடுவோம். அதுவும் என் வேலைதான்.

என் நாத்தனார் வேலுத்தாயி நாலு தடவையும் வந்தா. என் வீட்டுக்காரருக்கு நேரே இளைய தங்கச்சி. புருசன் போயி எட்டு வருசமாச்சு. ஒரே மக, முத்துச்செல்வி, தாலுகா ஆபீசுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடையில வேலை. மனு எழுதிக் குடுக்கும், டைப் அடிக்கும். நானும் வேலுத்தாயும் ஒரே சுவரு. அவ வீட்டுல மீன் வாங்குனா என் வீட்டுல அடுப்பு பத்தாது. அப்படி இருந்தோம்.

அஞ்சாவது தடவை, பிப்ரவரி மாசம் பன்னெண்டாம் தேதி. நூத்தி முப்பது பேரு வேணும்னுட்டாக. எப்பவும் எழுவது எம்பதுதான். அந்தத் தடவை டெல்லியில ஏதோ கெடுபிடியாம். நாலு நாளா அலைஞ்சேன். மாசமா இருக்குற பொம்பளைக பத்துப் பேரு வேணும்னா எங்க போவேன் சொல்லுங்க? அதையும் சேத்துட்டேன். சேர்மன் ஐயா தோளைத் தட்டி, "சீனியம்மா இல்லைன்னா இந்தக் காலேஜ் இல்லை"ன்னாக. தட்டுனாக தாயி, அம்புட்டுப் பேருக்கு முன்னால.

பஸ்ஸுல வர்றப்பவே வேலுத்தாயி, "மதினி, நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது"ன்னா. நான், "காலையில நீச்சத்தண்ணி குடிச்சிருப்பே, வாயுவா இருக்கும். படுக்கத்தான போறே"ன்னேன். வேற என்ன சொல்ல? படுக்கத்தான போறா. ஆஸ்பத்திரிக்குத்தான போறோம்.

அவளுக்குக் காலு. எலும்பு முறிவு வார்டு. வலது முழங்காலுக்குக் கீழ மாவுக்கட்டு மாதிரிச் சுத்தி, செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். பத்தரை மணிக்கு டெல்லி டாக்டருங்க மூணு பேரு வார்டுக்குள்ள வந்துட்டாக. கண்ணாடி போட்ட ஒருத்தரு நேரா அவ கட்டிலுக்கு வந்து நிக்கிறாரு. இந்தியில என்னமோ கேட்டாரு. ஜெயசிங் சார், "என்ன செய்யுதும்மா?"ன்னாரு.

இவ, "நெஞ்சு வலிக்குது"ன்னுட்டா.

ஜெயசிங் சார் மூஞ்சி செத்துப்போச்சு. அப்ப பக்கத்துல நின்ன நர்ஸ் பிள்ளை, எஸ்தருன்னு பேரு, அது குனிஞ்சு காதுல, "உனக்குக் காலு, நெஞ்செல்லாம் மூணாவது மாடி"ன்னு சொல்லுச்சு. உடனே இவளும், "காலு வலிக்குது சாமி"ன்னுட்டா. டெல்லிக்காரரு அட்டையில எழுதிக்கிட்டு அடுத்த கட்டிலுக்கு நகந்துட்டாரு. எனக்கு உசுரு வந்துச்சு.

அதுக்குப் பெறகு கூட, சோதனை முடியிற வரைக்கும் யாரும் கட்டிலை விட்டு அசையக் கூடாதுன்னு உத்தரவு. மாடி மாடியாப் போறாக. ரெண்டு மணி நேரத்துக்கு மேல. வேலுத்தாயிக்கு வேர்த்து ஊத்துது. காத்தாடிக்குக் கீழ படுத்துக்கிட்டு அங்கி பூரா நனைஞ்சு கெடக்கு. உதடு நாவப்பழம் தின்ன மாதிரி ஆயிருச்சு. நான் ஜெயசிங் சார்கிட்ட ஓடுனேன். "சார், என் நாத்தனாருக்கு நெசமாவே முடியலை." அவரு சிரிச்சாரு தாயி. "நல்லாத்தான் நடிக்கிறாங்க. டீம் கீழ இறங்கட்டும்."

சரின்னு மூணாவது மாடிக்கு ஓடி, நெஞ்சு டாக்டரைக் கூட்டிட்டு வந்தேன். இருதய நோய்ப் பேராசிரியர்னு அட்டையில இருந்துச்சு. நான்தான காலையில குத்திவிட்டேன்! அவரு வேலுத்தாயி கையைப் பிடிச்சுப் பாத்தாரு. "அம்மா, நான் தோல் டாக்டரும்மா. படை, சொறிக்குத்தான் பாப்பேன். இவங்களை உடனே வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க, உடனே"ன்னாரு.

வேற ஆஸ்பத்திரிக்கு! நான் ஆஸ்பத்திரிக்கு நடுவுல நின்னுக்கிட்டு இருக்கேன். சுத்தி அறுநூறு கட்டில். எம்பது வெள்ளைக் கோட்டு.

வாசல்ல நாலு ஆம்புலன்ஸ் வரிசையா நிக்குது. டிரைவர் எடுக்க மாட்டேங்கிறான். "நாலும் நிக்கணும்னு உத்தரவுக்கா. எண்ணிட்டுப் போற வரைக்கும் அசைக்கக் கூடாது." கேண்டீன்ல காய்கறி எறக்கிட்டு ஒரு வேன் நின்னுச்சு. அதுல தூக்கிப் போட்டோம். முட்டைக்கோசு எலைக்கு நடுவுல. தலையை மடியில வச்சுக்கிட்டேன். அருப்புக்கோட்டை போக இருபது நிமிசம். வழியில ரெண்டு தடவை கண்ணைத் தொறந்தா. என்னைத்தான் பாத்தா.

பெரியாஸ்பத்திரியில ஒரு சின்ன வயசு டாக்டரு. பாத்துட்டு, கடிகாரத்தைப் பாத்து எழுதிக்கிட்டாரு, ஒண்ணு நாப்பது. பெறகு காலைப் பாத்தாரு. "கால்ல என்ன அடி?"ன்னாரு. கத்திரியை எடுத்து அவரே கட்டை வெட்டுனாரு. சுத்தச் சுத்த வந்துகிட்டே இருக்கு. உள்ள ஒண்ணுமே இல்லை. தோல் வழவழன்னு இருக்கு. என்னை நிமிந்து பாத்தாரு பாருங்க ஒரு பார்வை. டிவிக்காரன் பாத்த பார்வையெல்லாம் அதுக்கு முன்னால ஒண்ணுமே இல்லை தாயி.

மறுநாள் எடுத்து அடக்கம் பண்ணியாச்சு. சேர்மன் ஐயா பெரிய மாலை அனுப்புனாக. காரியத்துக்கு ரெண்டு மூட்டை அரிசி வந்து எறங்குச்சு. அம்புட்டுப் பெரிய மனசு. சாயங்காலம் ஜெயசிங் சார் போன் பண்ணி, "சீனியம்மா, ஒரு பேப்பர் முடியாமக் கெடக்கு, வந்துட்டுப் போங்க"ன்னாரு. பொணத்தை எடுத்ததும் குளிச்ச தலை கூடக் காயலை. போனேன்.

வேலுத்தாயோட கேசுத்தாள். கால் முறிவு, சிகிச்சை முடிஞ்சு பதிமூணாம் தேதி நல்லபடியா வீட்டுக்குப் போனாருன்னு போட்டிருந்துச்சு. கீழ நோயாளி ரேகை வைக்கிற எடம் காலியா இருக்கு. "எல்லாருக்கும் வாங்கியாச்சு, இவங்க ஒருத்தருதான் பாக்கி. நீங்க வையுங்க, சொந்தக்காரங்கதான"ன்னாரு. நான், "சார், எனக்குக் கையெழுத்தே போடத் தெரியும்"னேன். "உங்களுக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாதே"ன்னாரு. தாளைப் பாத்தேன். என் மக மூணாவது வருசம். வச்சுட்டேன்.

செத்தவளை இனிமே என்ன செய்யப் போகுது ஒரு ரேகை? அப்படித்தான் நெனைச்சேன்.

பதினாறாம் நாள் காரியம். எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்காக. முத்துச்செல்வி போனுக்கு ஒரு மெசேஜ் வருது. வேலுத்தாயிகிட்ட ஏது போனு? மக நம்பரைத்தான் கேசுத்தாள்ல குடுத்திருந்தோம். முத்துச்செல்வி படிச்சுட்டு என்கிட்ட நீட்டுச்சு. நான் எழுத்துக் கூட்டிப் படிச்சேன். 'அன்புள்ள வேலுத்தாய், தாங்கள் பூரண நலத்துடன் வீடு திரும்பியதில் மகிழ்ச்சி. எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

"அத்தை, இது என்ன?"ன்னுச்சு.

"கம்ப்யூட்டரு தப்பும்மா"ன்னேன்.

"அம்மா வேலைக்குப் போன எடத்துல மயங்கி விழுந்துட்டான்னுதான சொன்னீங்க?"

அப்படித்தான் சொல்லியிருந்தேன். காலேஜ் தோட்டத்துல புல்லு வெட்டப் போனப்ப விழுந்துட்டான்னு. வேலுத்தாயும் எப்பவும் மககிட்ட அப்படித்தான் சொல்லிட்டு வருவா. பந்தியில மோர் ஊத்தப் போயிட்டேன்.

அதுக்குப் பெறகு அது என்கிட்டப் பேச்சை நிறுத்திருச்சு. ஜெராக்ஸ் கடையில இருக்குற பிள்ளை. ஊரு சனத்துக்கு மனு எழுதி எழுதிக் கை தேர்ந்த பிள்ளை. பெரியாஸ்பத்திரிச் சீட்டை வாங்கியிருக்கு. பஸ்ஸுல போனவுகளை ஒவ்வொருத்தராப் பாத்துப் பேசியிருக்கு. மாயாண்டிப் பெருசு துண்டுச்சீட்டைக் கூடப் பத்திரமா வச்சிருந்து குடுத்திருக்காரு. எல்லாத்தையும் சேத்து டெல்லிக்கு அனுப்பிருச்சு. எனக்குத் தெரியாது. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் உக்காந்து டைப் அடிச்சிருக்கு. சொந்த அத்தைய இப்படிக் காட்டிக் குடுக்கலாமா? சொல்லுங்க. என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?

...கேட்டுச்சு. ஆமா. கேக்கத்தான் செஞ்சுச்சு.

மே மாசம், காலையில ஏழரை மணி. எங்க ஆளுக வாசலைக் கூட்டிக்கிட்டு இருக்காக. பதினோரு காரு வரிசையா உள்ள வருது. வாச்மேன் மறிச்சான். ஒருத்தர் அட்டையைக் காட்டுனாரு, அவன் விசிலைக் கீழ போட்டுட்டு ஒதுங்கிட்டான். சி.பி.ஐ. கேட்டைப் பூட்டி அவுக ஆளு நின்னுட்டாக. போனையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கூடையில வாங்கிட்டாக. டாக்டர், நர்சு, ஆபீசு, தொடைக்கிறவுக, அம்புட்டுப் பேரையும் ஆடிட்டோரியத்துல உக்கார வச்சாக. ஒண்ணுக்குப் போகணும்னாலும் ஒரு ஆளு கூட வருது. அதே நேரத்துல சேர்மன் ஐயா வீட்டுலயும், டெல்லியில அந்தக் கண்ணாடி டாக்டர் வீட்டுலயும் போய் நிக்கிறாகன்னு பேச்சு. ஜெயசிங் சார் எனக்கு முன் வரிசை. சட்டை முதுகுல ஒட்டிக் கெடக்கு. என் பக்கமே திரும்பலை.

ரெண்டு நாளு. முதல் நாளு எல்லாருக்கும் பத்து விரல் ரேகையும் எடுத்தாக. ரெண்டாவது நாளு என்னைக் கூப்பிட்டாக. சுபைதான்னு ஒரு இன்ஸ்பெக்டர் அம்மா. பாலக்காட்டுப் பக்கமாம், தமிழ் நல்லாப் பேசுறாக. சத்தமே போடலை. அடிச்சிருந்தாக் கூடத் தாங்கியிருப்பேன். டீ குடுத்து, அந்தத் தாளை முன்னால வச்சாக.

"சீனியம்மா, இது யாரு ரேகை?"

"வேலுத்தாயி ரேகைம்மா."

"பதிமூணாம் தேதி சாயங்காலம் வச்சதுன்னு போட்டிருக்கு. அன்னைக்குச் சாயங்காலம் வேலுத்தாய் எங்க இருந்தாங்க?"

நான் டீயைப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஆடை கட்டிப்போச்சு.

"நேத்து உங்க ரேகை எடுத்தோம்"னாக. அம்புட்டுத்தான்.

அழுதுட்டேன். ஆமாம்மா, நான்தான் வச்சேன்னுட்டேன். பெறகு அன்னைக்கு வார்டுல நடந்ததைக் கேட்டாக. சொன்னேன். காலுன்னு சொல்லச் சொன்னது யாருன்னு கேட்டாக. எஸ்தருன்னேன். எழுதிக்கிட்டாக. சாயங்காலம் என்னைக் கார்ல ஏத்துறப்பதான் டிவிக்காரன் படம் பிடிச்சான்.

என்னைச் சாட்சின்னு ராத்திரியே வீட்டுக்கு விட்டுட்டாக. சேர்மன் ஐயாவும் ஜெயசிங் சாரும் உள்ள போனாக. காலேஜுக்கு அனுமதி ரத்து. எஸ்தர் பேரும் குத்தவாளிப் பட்டியல்ல வந்துருச்சு. இருபத்தி மூணு வயசுப் பிள்ளை, வேலைக்குச் சேந்து அஞ்சு மாசம்கூட ஆகலை. அதுக்குப் பேசி வச்சிருந்த கல்யாணம் நின்னுபோச்சாம். என் மக தமயந்தி பத்து நாளா என்கூடப் பேசலை. படிப்புப் போச்சேன்னு கோவம்னு நெனைச்சேன். படிக்கிற பிள்ளைகளைச் சிவகங்கைப் பக்கம் வேற காலேஜுக்கு மாத்திட்டாக, படிப்புக்கு ஒண்ணும் ஆகலை. ஒரு நாள் சோறு போட்டுக்கிட்டு இருக்கேன், தட்டைத் தள்ளி வச்சுட்டுக் கேக்குது: "அம்மா, நெஞ்சு வலின்னு ஒருத்தவங்க சொன்னா என்ன செய்யணும்னு எங்களுக்கு மொத வருசமே சொல்லிக் குடுத்தாங்க. அப்ப எங்களுக்கு சீனியரா இருந்த எஸ்தர் அக்காதான் செஞ்சு காட்டுவாங்க. அவங்க எப்படிம்மா அப்படிச் சொல்லியிருப்பாங்க?"

சோத்தைத் தின்னுன்னேன்.

போன வாரம் சேர்மன் ஐயாவோட வக்கீல் என் வீட்டுக்கு வந்தாரு. "அந்த அம்மா கேட்டுக்கிட்டதால நீங்க பன்னெண்டாம் தேதி காலையிலயே ரேகை வச்சுட்டீங்க, தேதி போட்டதுதான் தப்புன்னு சொல்லிடுங்க. மிச்சத்தை நர்ஸ் மேல விட்டுருங்க. ஐயா உங்களைக் கைவிட மாட்டாரு"ன்னாரு. சுபைதாம்மா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாக: "மாஜிஸ்திரேட்டு முன்னால என்ன சொல்றீங்களோ அதுதான் நிக்கும் சீனியம்மா. நல்லா யோசிச்சுக்கங்க."

இன்னைக்குக் காலையில கோர்ட்டு வராந்தாவுல ஒரே கூட்டம். உக்கார எடமில்லை. முட்டி வலியோட செவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். பெஞ்சியில எஸ்தர். பக்கத்துல அதோட அப்பா, பைபிளை மடியில வச்சுக்கிட்டு. நான் பாக்காத மாதிரி திரும்பிக்கிட்டேன். அது எந்திரிச்சு வந்துச்சு. "அக்கா, நீங்க உக்காருங்க, நான் நின்னுக்கிறேன்"னுச்சு.

நான் என்ன சொன்னேன்னு அதுக்குத் தெரியும் தாயி. தெரிஞ்சுதான் எடம் குடுக்குது.

உக்காந்தேன். உக்காந்துருக்கக் கூடாது. அந்த பெஞ்சியில அது உக்காந்திருந்த சூடு இருந்துச்சு.

உள்ள போனேன். கதவைச் சாத்திட்டாக. மாஜிஸ்திரேட்டு அம்மாவும் டைப் அடிக்கிற பிள்ளையும் மட்டும்தான். ரேகை நான்தான் வச்சேன்னு சொன்னேன். பஸ்ஸு, துண்டுச்சீட்டு, சேலை, ஏசி பஸ்ஸு டாக்டர், எல்லாத்தையும் சொன்னேன். சேர்மன் ஐயா தோளைத் தட்டுனதையும் சொல்ல வேண்டியதாப் போச்சு. "வார்டுல காலுன்னு சொல்லச் சொன்னது யாரு?"ன்னு கேட்டாக.

தாயி, முன்னாடி உங்ககிட்ட எஸ்தருன்னு சொன்னேன்ல? இல்லை. அது இல்லை. இத்தனை நாளாச் சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போச்சு. அங்க நெசத்தைச் சொல்லிட்டு வந்த பெறகும், பாருங்க, உங்ககிட்ட மொதல்ல அதேதான் வந்து விழுகுது.

வேலுத்தாயி நெஞ்சுன்னு சொன்னதும் எஸ்தர் பதறிப்போச்சு. "அக்கா, இது நெசம், வேர்க்குது பாருங்க"ன்னு அவ கையைப் பிடிச்சு நாடி பாக்கப் போச்சு. நான்தான் அது கையைத் தட்டிவிட்டேன். டெல்லிக்காரரு பாக்காத மாதிரி நடுவுல புகுந்து, போர்வையைச் சரி பண்ற மாதிரிக் குனிஞ்சு, வேலுத்தாயி தோளை அழுத்திப் பிடிச்சு, "உனக்குக் காலுடி, நெஞ்செல்லாம் மூணாவது மாடி. மானத்தை வாங்காதே"ன்னேன். அவ என்னைப் பாத்தா. பாத்துட்டு, காலு வலிக்குது சாமின்னா. மதினி சொல்லிட்டாள்ல. எப்பவும் நான் சொன்னாக் கேப்பா.

டைப் அடிக்கிற பிள்ளை கை நின்னுபோச்சு. மாஜிஸ்திரேட்டு அம்மா, "இதைச் சொன்னா உங்க மேலயே வழக்கு வரலாம். தெரிஞ்சுதான் சொல்றீங்களா? யாராவது மிரட்டினாங்களா?"ன்னாக. "யாரும் மிரட்டலைம்மா, எழுதிக்கங்க"ன்னேன். எழுதுனதைப் படிச்சுக் காட்டுனாக. எடம் காட்டுனாக. கையெழுத்துப் போட்டேன்.

வெளிய வந்தப்ப எஸ்தரை உள்ள கூப்பிட்டுட்டாக. அதுகிட்ட ஒண்ணும் சொல்லலை. சொல்ல மூஞ்சி இல்லை. சுபைதாம்மா மட்டும் கேட்டு வரைக்கும் கூட வந்தாக. "அடுத்த மாசம் திரும்பக் கூப்பிடுவோம். உங்களுக்கும் ஒரு வக்கீல் பாத்துக்கங்க"ன்னாக. ஜெயிலுக்குப் போகணுமாம்மான்னு கேட்டேன். அவுக பொய் சொல்லலை. "தெரியலை"ன்னாக.

போகணும்னாப் போறேன். அது இல்லை இப்ப எனக்குக் கவலை.

அந்த வாக்குமூலம் என்னைக்காவது ஒரு நாள் கோர்ட்டுல சத்தமாப் படிப்பாக. முத்துச்செல்வி அங்க உக்காந்திருக்கும். இல்லைன்னா ஒரு நகல் அது கடைக்கே வரும், ஜெராக்ஸ் எடுக்க. யாரோ எழுதுன தாளுல அது படிக்கக் கூடாது தாயி. கடை ஆறு மணி வரைக்கும் தொறந்திருக்கும். அதுக்குள்ள ஊருல எறங்கி, ஷேர் ஆட்டோ பிடிச்சுப் போயிரலாம்னு பாக்குறேன். என்னைப் பாத்தா ஷட்டரை இழுத்தாலும் இழுத்துரும். இழுத்தாலும் வெளிய நின்னு சொல்லிர வேண்டியதுதான்.

எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியலை. அதான் உங்ககிட்ட ஒரு தடவை சொல்லிப் பாத்தேன். அங்க இம்புட்டு நீளமாப் பேச முடியாது. அது விடாது. சுருக்கமாச் சொல்லணும். 'முத்துச்செல்வி, உங்கம்மா நெஞ்சு வலிக்குதுன்னு சரியாத்தான் சொன்னா. நான்தான் வாயை அடைச்சேன்.' அம்புட்டுத்தான். சேர்மன் ஐயா, தமயந்தி படிப்பு, ஒண்ணையும் கூடச் சேக்கக் கூடாது. சேத்தா அது வேற மாதிரி ஆயிரும்ல?

என்ன தாயி, நீங்க அழுகுறீக? அழுகாதீங்க. இந்தாங்க உங்க தண்ணி, மூடியை இறுக்கி வச்சிருக்கேன்.

கண்டக்டரு, எறங்கணும்! கொஞ்சம் காலை மடக்கிக்கங்க தாயி, வழி விடுங்க.

கண்டக்டரு, நிப்பாட்டுங்க!